அர்னிஸ் கற்பவர்களின் முழங்கையைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பிலிப்பைன்ஸ் நாட்டின் கம்புச் சண்டைக் கலையான அர்னிஸ் பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். செபு நகரில் 11 வருடமாகக் குடியிருக்கும் எனக்கு அதைத் தமிழில் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே மருத்துவம் படிக்க வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் அதே பக்கத்தை எனக்கு அனுப்பி, "அக்கா, நாங்களும் சேர்கிறோம், கம்பு எங்கே வாங்குவது?" என்று கேட்டார்கள். கம்பு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை அவர்களுக்குச் சொன்னேன். உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லாததால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

வரலாற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1932ல் செபுவில் டோசே பாரேஸ் என்ற அர்னிஸ் சங்கம் தொடங்கியது, 1952ல் வெனான்சியோ பேகன் அதிலிருந்து தனியே பிரிந்து பாலின்டவாக் முறையை நிறுவியது, 2009ல் குடியரசுச் சட்டம் 9850 அர்னிஸை நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது, எல்லாம் ஒழுங்காக வந்திருந்தது. ஆனால் பக்கத்தின் பாதியை அடைத்திருந்த அந்தப் படம்! ஒரு பையன் இரண்டு கம்புகளைச் சுழற்றுகிறான், கைகள் கலங்கித் தெரிகின்றன, இடுப்புக்குக் கீழே படத்தை வெட்டிவிட்டீர்கள். கட்டுரையும் அப்படித்தான், மின்னல் கை, மின்னல் கை என்றே போகிறது. அந்தக் கையைத் தாங்கும் உடம்பை எப்படித் தயார் செய்கிறார்கள் என்ற பேச்சே இல்லை.

அந்தப் பேச்சு இல்லாமல் கற்றுக்கொண்டதன் பலனை நான் அனுபவித்தவள். 38 வயதில் முதன்முதலாகக் கம்பைத் தொட்டேன். முதலில் சேர்ந்த கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். சேர்ந்த மூன்றாவது வாரமே பிரம்புக் கம்பை வாங்கிக்கொண்டு கமகோங் கம்பைக் கையில் கொடுத்தார்கள். கமகோங் கருங்காலி இனத்து மரம், இரும்பு மாதிரி கனக்கும். அதை வைத்துத் தொங்கும் டயரில் கைக்கு 300 அடி, தினமும். பக்கத்தில் நின்ற இருபது வயதுப் பிள்ளைகள் அடித்தார்கள், நானும் விடாமல் அடித்தேன். வியர்வை கொட்டினால் பயிற்சி நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கெட்டிலைத் தூக்கினேன். வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் சுருக்கென்று ஒரு வலி. தண்ணீர் மேசையெல்லாம் கொட்டியது. அப்புறம் கதவுக் குமிழைத் திருப்ப முடியவில்லை, ஈரத் துண்டைப் பிழிய முடியவில்லை. டென்னிஸ் எல்போ என்று டாக்டர் சொன்னார். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே கிடையாது.

இது ஏன் வருகிறது என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். கம்பை இறுக்கிப் பிடிக்கும்போது விரலை மடக்கும் உள்பக்கத் தசைகள்தான் வேலை செய்கின்றன என்று நினைக்கிறோம். அவை இழுக்கிற இழுப்பில் மணிக்கட்டு உள்ளே மடங்கிவிடாமல் நிறுத்திப் பிடிப்பது முன்கையின் மேல்பக்கத் தசைகள். அந்தத் தசைகளின் நாண்கள் போய்ச் சேருகிற இடம்தான் முழங்கையின் வெளி எலும்பு. இறுக்கிப் பிடித்த கையோடு டயரை அடித்தால், ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் அந்த ஒரு விரற்கடை இடத்தில் போய் விழுகிறது. தசை சில வாரத்தில் பலம் பிடித்துவிடும், நாணுக்கு மாதக்கணக்காகும். அதனால்தான் கை தெம்பாக இருக்கிறது என்று நினைக்கிற நேரத்தில் முழங்கை போய்விடுகிறது.

குணமானது ஒரு பிசியோதெரபிஸ்ட் கொடுத்த சின்னப் பயிற்சியில். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். இடது கையால் அதை மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் நாலு எண்ணுவதற்குள் மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை. இதை அடிபடுவதற்கு முன்னாலேயே செய்யலாம் என்பதுதான் நான் தாமதமாகத் தெரிந்துகொண்டது.

முழங்கை சரியான பிறகு எங்கள் பரங்காயின் கூடைப்பந்து மைதானத்தில் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். (பரங்காய் என்பது இங்கே நம் வார்டு மாதிரி. எந்தப் பரங்காயில் பார்த்தாலும் ஒரு கூடைப்பந்து மைதானம் இருக்கும்.) துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர், எழுபதைத் தாண்டியவர். நாங்கள் "நோங்" என்று கூப்பிடுவோம், செபுவில் மூத்த ஆண்களை அழைக்கும் மரியாதைச் சொல். அவர் என்னை "இந்தாய்" என்பார். பெண்பிள்ளையை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள், சுருக்கினால் "தாய்". முதல் நாள் அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஊர்ப் பெரியவர் யாரோ கூப்பிடுவது போல இருந்தது, அங்கேயே தங்கிவிட முடிவு செய்தேன்.

முதல் நாலு வாரம் அவர் கம்பே கொடுக்கவில்லை. சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம் வரைந்தார். முனையில் நின்று, எதிராளியின் அடி வரும் கோட்டிலிருந்து சாய்வாக இடது மூலைக்கு ஒரு அடி, திரும்பி முனைக்கு, பிறகு வலது மூலைக்கு. அவ்வளவுதான். முட்டி லேசாக மடங்கியே இருக்க வேண்டும், குதிகால் தரையை உரசக் கூடாது. பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் நெருப்பாக எரியும். நான் அவசரப்படும்போதெல்லாம் "ஹினாய் லாங்" என்பார். மெதுவாக, மெதுவாக மட்டும் என்று அர்த்தம். கோட்டை மிதிக்காமல் மிதப்பு குறையாமல் நகர வந்த பிறகுதான் பிரம்பைக் கையில் கொடுத்தார்.

பிரம்பு என்றால் 28 அங்குல நீளம், ஒரு அங்குலத் தடிமன். நம் சிலம்பக் கம்பு போல நெற்றி உயரம் கிடையாது. கையின் அடியில் ஒரு முஷ்டி அளவு மிச்சம் விட்டுப் பிடிக்க வேண்டும், அந்த மிச்சத்துக்குப் புன்யோ என்று பெயர். அவர் எனக்குச் செய்த சோதனையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். நான் ஒற்றைக் கம்பால் காற்றில் வீசிக்கொண்டிருப்பேன். அவர் பக்கத்தில் நடந்துகொண்டே கட்டைவிரலை என் முன்கையின் மேல்பக்கத்தில் வைப்பார். அடி விழும் கணத்தில் தசை கல்லாக வேண்டும். அடுத்த கணமே விரல் உள்ளே அமுங்க வேண்டும். அமுங்கவில்லை என்றால் "ஹுமோக்" என்பார், மிருதுவாக என்று அர்த்தம், அன்றைய வீச்சு அதோடு சரி. மணிக்கணக்காகக் கல்லாகவே இருந்த என் கையை அந்தக் கட்டைவிரல்தான் மாற்றியது. இன்றும் நான் தனியாகப் பயிற்சி செய்யும்போது இடது கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

டயருக்குத் திரும்பப் போனது நாலாவது மாதம். இந்த முறை பக்கத்துக்கு 20 அடி, வாரத்தில் மூன்று நாள். அடி கையிலிருந்து கிளம்பக் கூடாது, பின்னங்காலில் கிளம்பி, இடுப்பு திரும்பி, கடைசியாகக் கம்புக்கு வர வேண்டும். கையால் மட்டும் அடித்தால் டயர் "டப்" என்று கத்தும், கம்பு துள்ளித் திரும்பும். இடுப்பால் அடித்தால் சத்தம் கனமாக உள்ளே இறங்கும். காதை வைத்தே சரிபார்க்கலாம். வாரத்துக்கு ஐந்து அடிக்கு மேல் கூட்ட அவர் விடவே இல்லை. கணு தெறித்து நார் எழும்பிய பிரம்பை அவர் உடனே ஓரம் வைத்துவிடுவார், சிலாம்பு கண்ணில் பட்டால் என்ன ஆவது? ஜோடியாக அடிக்கும்போது கண்ணாடி போடாத யாரையும் உள்ளே விடமாட்டார்.

சினாவலி என்ற இரட்டைக் கம்புப் பயிற்சியைப் பற்றி உங்கள் கட்டுரை அழகாகச் சொல்லியிருந்தது. சாவாலி என்பது சுவருக்காக மூங்கில் பத்தையில் பின்னும் தட்டி, கம்புகள் அந்தப் பின்னல் போல மேலும் கீழுமாகப் போவதால் இந்தப் பெயர். ஆனால் அதன் நிஜமான பயனைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இடது கைக்கு வேறு எதுவும் இவ்வளவு வேலை கொடுக்காது. வலது கை பத்து வருடப் பழக்கத்தில் திருட்டுத்தனமாகச் சமாளித்துவிடும், இடது கை பொய் சொல்லாது. எனக்கு இடது தோள்தான் முதலில் சோர்ந்தது, ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காக மட்டும் தோளின் பின்பக்கச் சிறு தசைகளை ரப்பர் பட்டையால் இழுத்துப் பலப்படுத்துகிறேன், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, முன்கையை வெளியே திருப்பி, மெதுவாக. பிடிக்கு ஒரு வாளி மணல். விரலை மணலுக்குள் விட்டு மூடுவது எல்லாருக்கும் தெரியும். மணலுக்குள்ளேயே விரலை விரிப்பதுதான் முக்கியம், அதுதான் முழங்கையின் வெளிப்பக்கத்துக்கு மருந்து.

இங்கே ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கை கடினப்பட வேண்டும் என்று விரல் முட்டியிலும் முன்கையிலும் வேண்டுமென்றே அடி வாங்கிப் பழகுகிறார்கள் சிலர். விரல் எலும்பு எவ்வளவு சின்னது! இந்தக் கலையில் எதிராளியின் கையைத்தான் முதலில் குறிவைப்பார்கள், பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்றே அதற்குப் பெயர். அடுத்தவன் தேடி வருகிற இடத்தை நாமே முன்கூட்டி உடைத்து வைப்பானேன்? பாலின்டவாக்கில் அகாக் என்று ஒரு முறை உண்டு. ஆசான் தன் அடியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மாணவரைக் கைபிடித்துக் கூட்டிப் போவது. கை அங்கேதான் திடப்படுகிறது, காயத்தில் திடப்படுவதில்லை.

மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுத் தொடர்புப் போட்டிகளில் ஒரு சுற்று ஒரு நிமிடம்தான். ஒரு நிமிடமா, இதற்கு என்ன பெரிய பயிற்சி என்று நானும் நினைத்தேன். தலைக்கவசமும் மெத்தை உடுப்பும் மாட்டிக்கொண்டு செபுவின் புழுக்கத்தில் நின்றால் நாற்பதாவது நொடியில் கண் இருட்டுகிறது. ஐந்து கிலோமீட்டர் ஓடிய பழக்கம் அங்கே உதவவில்லை. ஒரு நிமிடம் முழு வேகத்தில் கயிறு தாண்டி, அரை நிமிடம் நின்று, மறுபடி ஒரு நிமிடம், இப்படி ஆறு சுற்று செய்த பிறகுதான் போட்டியின் மூன்றாவது சுற்றிலும் கால் நகர்ந்தது.

டோசே பாரேஸின் சிரியாகோ கன்யேதே, எல்லாரும் காக்கோய் என்று அழைத்தவர், 2016ல் 96 வயதில் காலமானார். தொண்ணூறைத் தாண்டியும் கம்போடு நின்று சொல்லிக்கொடுத்தவர். மூட்டுகளைக் காப்பாற்றி வைத்துக்கொண்டால் இந்தக் கலை ஒருவரோடு அவ்வளவு தூரம் வரும். இங்கே பள்ளிகளில் பிள்ளைகள் அர்னிஸ் படிக்கிறார்கள், பலரோங் பம்பன்சா என்ற தேசியப் பள்ளி விளையாட்டிலும் அது உண்டு. அவர்களுக்கு இலேசான, கை நீளத்துக்கு ஏற்ற கம்பு போதும். கமகோங்கைச் சிறுவர்கள் கையில் பார்த்தால் எனக்கு இன்னும் என் கெட்டில்தான் ஞாபகம் வருகிறது.

அந்த மருத்துவ மாணவர்கள் இருவரும் போன வெள்ளிக்கிழமை மைதானத்துக்கு வந்தார்கள். கம்பு கேட்டார்கள். நோங் சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார். ஒரு பையனுக்கு முகம் வாடிவிட்டது, இருந்தாலும் நின்று செய்தான்.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்தக் கட்டுரைக்குத் தொடர்ச்சி போடுவதாக இருந்தால், ஒரு பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு முழங்கைக்கும் தோளுக்குமான பயிற்சிகளைப் படத்தோடு போடுங்கள். அந்தப் பையனின் படத்தை மறுபடி அச்சிட்டால், பாதம்வரை தெரியும்படி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செபு, பிலிப்பைன்ஸ்.