லாக் கதவைத் தள்ளுறது யாருன்னு எழுதலையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல இங்கிலாந்து கால்வாய்கள்ல போட் எடுத்துக்கிட்டு சுத்துற தம்பதிகள் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், படமெல்லாம் அருமை, ஒண்ணும் குறை சொல்றதுக்கில்ல. ஆனா அதுல கணவர் போட் ஓட்டுறாராம், மனைவி கரையோரமா இயற்கையை ரசிச்சுக்கிட்டே நடந்து வர்றாங்களாம். சார், அந்தம்மா எங்க ரசிக்குறாங்க? போட் வந்து சேர்றதுக்குள்ள அடுத்த லாக்கை, அதாவது போட்டை மேல ஏத்தி கீழ இறக்குற கதவு வெச்ச தண்ணித் தொட்டியை, ரெடி பண்ணணுமேன்னு ஓடிக்கிட்டு இருக்காங்க.

நானும் என் வீட்டுக்காரரும் பர்மிங்காம்ல மக வீட்டுக்குப் போயிருந்தப்போ அந்த மாதிரி ஒரு போட்டை வாடகைக்கு எடுத்து வூஸ்டர் - பர்மிங்காம் கால்வாய்ல போனோம், அந்த அனுபவத்துலதான் சொல்றேன். அந்தக் கால்வாய்ல மொத்தம் 58 லாக். அதுல டார்டபிக்ங்கிற இடத்துல மட்டும் வரிசையா 30, மூணரை கிலோமீட்டர் தூரத்துக்குள்ள 67 மீட்டர் ஏறணும். பிரிட்டன்லயே இதுதான் நீளமான வரிசை. தேம்ஸ் நதியில போனீங்கன்னா லாக்குக்கு ஆள் இருப்பாங்க, பெரும்பாலும் பட்டனைத் தட்டினா கதவு திறக்கும். இந்தக் குறுகலான கால்வாய்கள்ல அதெல்லாம் கிடையாது, போட்ல வந்தவங்களேதான் எறங்கி எல்லாம் செய்யணும், அங்கங்க தன்னார்வலருங்க யாராவது நின்னா அது நம்ம அதிர்ஷ்டம்.

லாக்குன்னா என்ன, ரெண்டு பக்கமும் கதவு வெச்ச ஆழமான தொட்டி, அவ்வளவுதான். மேல ஏறணும்னா போட் உள்ள வந்ததும் கீழ்க்கதவு ரெண்டையும் சாத்திட்டு மேல்பக்கம் ஷட்டரைத் தூக்கணும், நம்ம ஏரி மதகுல தூக்குற மாதிரியேதான், அதுக்கு விண்ட்லாஸ்னு எல் வடிவத்துல ஒரு இரும்புக் கைப்பிடி குடுப்பாங்க, அதை மாட்டி சுத்தணும். கொஞ்சம் கவனம் பிசகி உள்ள இருக்கிற பல்லு நழுவிச்சுன்னா கைப்பிடி சர்ருனு திருப்பி சுத்தும், மணிக்கட்டு போயிடும், அதனால ஷட்டர் தூக்கினதும் மொத வேலையா அதைக் கழட்டிக் கையில எடுத்துக்கணும். ஒரு தடவை நிரம்ப ஒரு லட்சம் லிட்டருக்கு மேல தண்ணி. உள்ளயும் வெளியயும் மட்டம் ஒண்ணாகுற வரைக்கும் பத்து பயில்வான் சேர்ந்து தள்ளினாலும் மேல்கதவு அசையாது. மட்டம் சரியானப்புறம்தான் அந்தக் கதவோட சேர்ந்திருக்கிற பெரிய மரக்கட்டையில முதுகைக் குடுத்துத் தள்ளணும். கால் வழுக்காம இருக்க தரையில அரைவட்டமா செங்கல் வரிசை தூக்கலா பதிச்சிருக்காங்க பாருங்க, அதுல பாதத்தை ஊனி, மூச்சைப் பிடிச்சு, மெதுவா பின்பக்கமா நடக்கணும், கதவு முதல்ல நகரவே நகராது, அப்புறம் ஒரு அங்குலம், அப்புறம் தானா வரும். போட் வெளிய போனதும் மறுபடி சாத்தணும், ஷட்டரை இறக்கணும், உடனே அடுத்த லாக்குக்கு ஓடணும். இதைத்தான் உங்க கட்டுரை இயற்கை ரசனைன்னு எழுதியிருக்கு!

எதிர்ல வந்த போட் பாதிக்கு மேல இதே காட்சிதான். ஐயா பின்னாடி நின்னு டில்லரை, அதான் போட்டைத் திருப்புற கம்பை, பிடிச்சுக்கிட்டு கையில டீ கப்போட, அம்மா மேல கதவோட மல்லுக்கட்டிக்கிட்டு. ஓட்டுறது சுலபம்னு நான் சொல்லல. போட் அகலம் ரெண்டு மீட்டர் சொச்சம், லாக்கும் கிட்டத்தட்ட அவ்வளவேதான், ரெண்டு பக்கமும் நாலு விரல் இடம் இருந்தா பெரிசு, டில்லரை இடது பக்கம் தள்ளினா போட் வலது பக்கம் திரும்பும், பிரேக்கும் கிடையாது. கீழ இறங்குறப்போ பின்பக்கம் சுவத்துல ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், போட்டோட வால் அதைத் தாண்டி முன்னாடியே நிக்கணும், இல்லன்னா தண்ணி வடியுறப்போ அடியில இருக்கிற கல் படியில வால் மாட்டிக்கிட்டு மூக்கு கீழ சரிஞ்சு போட்டே முழுகிடும். ஆனா இதுக்கெல்லாம் வேண்டியது நிதானமும் கவனமும், தோள்பலம் இல்ல. வேக வரம்பே மணிக்கு நாலு மைல்தான். அப்ப பலம் இருக்கிறவர் கதவுகிட்டயும் மத்தவங்க டில்லர்கிட்டயும் நிக்கிறதுதானே முறை, ஏன் தலைகீழா நடக்குது?

பொம்பளைங்களுக்கு வராதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கால்வாய்ல சரக்கு ஏத்திக்கிட்டுப் போக ஆள் இல்லாம பொண்ணுங்களுக்குப் பயிற்சி குடுத்து அனுப்பினாங்க, மூணு பேரா சேர்ந்து இருபத்தோரு மீட்டர் நீளத்துல ரெண்டு போட், அதுல சுமார் 50 டன் சரக்கு, லண்டன்லேர்ந்து பர்மிங்காம், திரும்பறப்போ கவன்ட்ரி பக்கத்துலேர்ந்து நிலக்கரி. அதுக்கும் முன்னாடி தலைமுறை தலைமுறையா போட்லயே குடும்பம் நடத்தினவங்க இருந்தாங்க, மூணு மீட்டர் அறையில சமையல், படுக்கை, புள்ளைங்க எல்லாம், அந்த அம்மாக்களும் டில்லர் பிடிச்சவங்கதான்.

கட்டுரையில, கால்வாய்ப் பயணம் பத்தி எழுதின டாம் ரோல்ட் பேரும் வந்துச்சு. அவர் மட்டும் தனியா போன மாதிரி எழுதியிருந்தீங்க. 1939ல கிரெஸிங்கிற போட்ல கிளம்பினது அவரும் மனைவி ஏஞ்சலாவும் சேர்ந்து. பின்னாடி அந்த போட் டார்டபிக்லதான் கட்டியிருந்துச்சு, அங்க வெச்சு ராபர்ட் ஐக்மேன்ங்கிற இன்னொரு எழுத்தாளரை சந்திச்சுப் பேசினதுலதான் 1946ல உள்நாட்டு நீர்வழிச் சங்கம் ஆரம்பிச்சாங்க, அது போராடலன்னா இந்தக் கால்வாய்ல பாதி இன்னிக்கு மண்மேடு. ஏஞ்சலா 1951ல இவரை விட்டுட்டு சர்க்கஸ்ல சேரப் போயிட்டாங்க, அது வேற கதை.

நியாயமா ஒண்ணு சொல்லணும், லாக் வேலை பிடிச்சு செய்யுற பெண்களும் நிறைய பேர் இருக்காங்க. நாலு பேரோட பேசலாம், உடம்புக்கும் நல்லது, போட்ல நின்னு நின்னு கால் மரத்துப்போறதைவிட மேல்னு ஒருத்தங்க என்கிட்டயே சொன்னாங்க. பிடிச்சு செஞ்சா சரி. எங்க கதையில பாதி மலை ஏறினதும் நான் டில்லருக்குப் போயிட்டேன், இவர் விண்ட்லாஸை வாங்கிக்கிட்டார், ரெண்டு லாக் தாண்டுறதுக்குள்ள ஸ்வெட்டர் போட் கூரை மேல கிடந்துச்சு. உச்சியில இருக்கிற கடைசி லாக் மத்ததைவிட ஆழம், ஒரு காலத்துல அங்க லாக்குக்கு பதிலா போட்டைத் தூக்குற லிஃப்ட் வெச்சுப் பாத்தாங்களாம், அதைக் கேட்டதும் ஏன் எடுத்தாங்கன்னு இவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

இனிமே இந்த மாதிரி கட்டுரை போட்டா ஒரு பெட்டிச் செய்தியும் சேருங்க சார். அங்க வாடகை போட் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம், கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சொல்லிக்குடுப்பாங்க, அப்பவே ரெண்டு பேரும் டில்லரைப் பிடிச்சுப் பாக்கணும். அந்த நேரத்துல அம்மா உள்ள போய் பாத்திரம் அடுக்கிக்கிட்டு இருந்தாங்கன்னா அப்புறம் வழியில மாத்திக்கறது கஷ்டம், எதிர்ல போட் வந்துக்கிட்டே இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி