கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மகள் ஆழமான பக்கத்தில் நீந்துகிறாள், அப்பன் கரையில் துண்டோடு நிற்கிறான் என்று படித்துச் சிரித்தேன். நீ அன்றும் அப்படித்தானே! ஆண்ட்வெர்ப்பில் நாங்கள் சுகம். முழங்கால் மட்டும் ஏணியைக் கண்டால் முறைக்கிறது.

போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் வாரம் இரண்டு நாள் சம்பளத்துக்கு, மீதி நாட்களில் நீ குடியிருக்கும் பெல்ஜியத்தின் லியேஜில் வழக்கம்போல் ஓடு பதிக்கும் சொந்தத் தொழில். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 ஒழுங்குவிதிப்படி, எத்தனை நாடுகளில் உழைத்தாலும் ஒரு நேரத்தில் ஒரே நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம்தான் உனக்குப் பொருந்தும். இரு பக்கமும் சுயதொழில்தான் என்றால், தொழிலில் ஏறக்குறைய 25 சதவீதமாவது குடியிருக்கும் நாட்டில் நடந்தால் சமூகப் பாதுகாப்புக்குக் கட்டும் பங்களிப்பும் அங்கேயே. ஆனால் ஒரு பக்கம் சம்பளம், மறுபக்கம் சுயதொழில் என்று வந்துவிட்டால், சம்பளம் கொடுக்கும் நாடுதான் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். லியேஜில் நீ பதிக்கும் ஓட்டுக்கும் நெதர்லாந்துச் சட்டப்படிதான் பங்களிப்பு. காலாண்டுதோறும் பெல்ஜியத்தில் நாம் கட்டுகிற அந்த 20.5 சதவீதம் நின்றுபோகும். நெதர்லாந்தில் பங்களிப்பு பெரும்பாலும் வருமான வரியோடு சேர்த்து வாங்கப்படுகிறது. இரண்டு நாள் வேலைதானே என்று நினைக்காதே.

நஷ்டம் என்று சொல்ல வரவில்லை. அங்கே காப்பீட்டில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்நாட்டு அடிப்படை ஓய்வூதியத்தில் 2 சதவீதம் சேரும். பெல்ஜியத்தில் கட்டியதும் வீண் போகாது. ஆனால் மருத்துவக் காப்பீடும் அங்கே மாறும். வேறு நாட்டில் காப்பீடு இருந்தாலும் குடியிருக்கும் நாட்டில் சிகிச்சை பெற உதவும் எஸ்1 படிவத்தை அங்கே வாங்கி, பெல்ஜியத்தில் உங்கள் மருத்துவக் காப்பீட்டுச் சங்கத்தில் கொடுத்தால்தான் லியேஜ் மருத்துவரிடம் குடும்பம் பழையபடி போக முடியும்.

நான் பட்டது உனக்கு வேண்டாம். சென்ற வசந்தத்தில் நெதர்லாந்தின் பிரெடாவில் ஒரு கட்டடத்துக்கு மின்கம்பி இழுக்கப் போனேன். வாயிலில் இருந்த இளைஞன், எந்த நாட்டுச் சட்டப்படி பங்களிப்புக் கட்டுகிறோம் என்று காட்டும் ஏ1 சான்றிதழைக் கேட்டான். தற்காலிகமாக இன்னொரு நாட்டில் அதே தொழிலைச் செய்யப் போகிறவர், 24 மாதம் வரை சொந்த நாட்டிலேயே பங்களிப்புக் கட்டலாம்; அதற்கும் அதுதான் அத்தாட்சி. விண்ணப்பிக்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். வேன் நிறையக் கம்பிச் சுருள், பிளாஸ்கில் ஆறிப்போன காபி, மழை. ஒரு சுருளைக்கூட இறக்காமல் திரும்பி வந்தேன். அந்த வாரக் கூலியும் போயிற்று.

உன் நிலைமைக்கு அந்த 24 மாத விதி உதவாது. நீ குடியிருக்கும் நாட்டின் அலுவலகத்துக்கு, அதாவது பெல்ஜியத்தின் சுயதொழிலாளர் காப்பீட்டு நிறுவனத்துக்கு, இரண்டு வேலைகளையும் எழுதித் தெரிவி. எந்த நாட்டுச் சட்டம் என்று தீர்மானிப்பது அவர்கள். ஏ1 நெதர்லாந்திலிருந்து வரும். அது கைக்கு வரும்வரை மாஸ்ட்ரிக்ட்காரரைப் பொறுக்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். ஒப்பந்தத்தை மேசை மேல் எடுத்து வை, கூடவே சென்ற ஆண்டின் காலாண்டு ரசீதுகளையும். குட்டியின் நீச்சலையும் அன்றே பார்த்துவிடுகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்