கம்யூனிட்டி ஹெல்த் நடத்தும் நர்சிங் ஆசிரியர்களுக்கு

வணக்கம் மேடம், வணக்கம் சார்.

நான் படித்தபோது அமெரிக்கச் செவிலியர் லிலியன் வால்ட் என்பது ஒரு மார்க் கேள்வி. 'பப்ளிக் ஹெல்த் நர்ஸ்' என்ற பெயரை வைத்தவர் யார், அவ்வளவுதான். தயவுசெய்து இதை மாற்றுங்கள்.

1893, மார்ச் மாதம், நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட். பிழைக்க வந்த ஏழைப் பெண்களுக்கு வால்ட் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். என்ன பாடம் தெரியுமா, நாம் முதல் வருடம் செய்கிற அதே பெட் மேக்கிங். அங்கிருந்து ஒரு சின்னப் பெண் தன் அம்மாவைப் பார்க்க அவரை அழைத்துப் போகிறாள். தூறலில் அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தால், இரண்டே அறைகளில் ஏழு பேர், போதாததற்கு உள்வாடகைக்கு இருந்தவர்கள் வேறு, பிள்ளை பெற்றவள் கிடந்த படுக்கையில் இரண்டு நாள் ரத்தம் காய்ந்திருந்தது. மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வால்ட் அதற்கப்புறம் கல்லூரிக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1895இல் அதே பகுதியின் ஹென்றி தெருவில் அவருக்கும் மற்றச் செவிலியர்களுக்கும் வீடு அமைந்தது. செவிலியர்கள் அந்த ஜனங்களுக்கு நடுவிலேயே குடியிருந்தார்கள். டாக்டர் சீட்டு எதுவும் வேண்டாம், நோயாளியின் வீட்டாரே நேராக வந்து கூப்பிடலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

சாரா ஜோசஃபின் பேக்கர் பெயர் என் நோட்டில் இல்லவே இல்லை. அதே நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையில் இருந்த டாக்டர். 1908 கோடையில் பள்ளிகள் மூடியதும், சும்மா இருந்த பள்ளிச் செவிலியர்கள் 30 பேரை வைத்துக்கொண்டு, பிறப்புப் பதிவில் முந்தின நாள் வந்த பெயரையும் விலாசத்தையும் எடுத்துக்கொடுத்து, லோயர் ஈஸ்ட் சைடில் ஒவ்வொரு வீடாக அனுப்பினார். தாய்ப்பால் கொடு, தினமும் குளிப்பாட்டு, ஜன்னலைத் திற, இந்த வெயிலில் துணியைச் சுற்றி வைக்காதே. மருந்து மாத்திரை இல்லை, பேச்சுதான். முந்தைய கோடையைவிட அந்தப் பகுதியில் 1,200 குழந்தைச் சாவுகள் குறைந்தன. தொற்று வராமலிருக்கப் பிறந்த குழந்தையின் கண்ணில் விட்ட சில்வர் நைட்ரேட் மருந்து பாட்டிலில் இருக்க இருக்கச் செறிவு ஏறிக் கண்ணையே கெடுக்கிறது என்று, ஒரு குழந்தைக்கு வேண்டியதை மட்டும் தேன்மெழுகுக் குப்பியில் அடைத்துக் கொடுக்க வைத்தவரும் அவரே. பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளை விரட்டாமல் பயிற்சியும் உரிமமும் கொடுத்தார்கள். 1911இல் பெல்வியூ மருத்துவமனையில் அவர்களுக்கென்று நகரமே பள்ளி நடத்தியது.

வீடுகளுக்குப் போகும்போது செவிலியர் பையைச் சுத்தமாகக் கையாளும் பேக் டெக்னிக்கில் நியூஸ்பேப்பர் விரிக்காவிட்டால் மார்க்கைக் குறைக்கிறீர்கள், சரி, குறைக்கத்தான் வேண்டும். அதே அக்கறையோடு, ஃபீல்டுக்கு பஸ் ஏறும் முன் பத்து நிமிடம் இந்த இரண்டு பேரைப் பற்றியும் சொல்லுங்கள். பரீட்சையில் அந்த ஒரு மார்க் கேள்வியை எடுத்துவிட்டு, 1908 கோடையில் கதவு திறந்ததும் அந்தச் செவிலியர் முதலில் எதைப் பார்த்திருப்பார் என்று கேளுங்கள்.

உங்களிடம் படித்த ஒரு செவிலியர்