மருந்து கைவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1969-இல் நியூயார்க் பெத் ஆபிரகாம் மருத்துவமனையில் டாக்டர் ஆலிவர் சாக்ஸ், பல்லாண்டுகள் அசையாமல் கிடந்தவர்களை லெவோடோபா கொடுத்து எழுப்பியது பற்றிய கட்டுரையை, 'பிறகு மருந்து வேலை செய்யவில்லை' என்று முடித்திருக்கிறீர்கள். நடுக்குவாதத்துக்கு இதே மருந்தை விழுங்குகிறவர்கள் படித்தால் மாத்திரையைத் தள்ளிப்போடத்தான் பார்ப்பார்கள்.

சாக்ஸ் எழுப்பியவர்கள் கோமாவில் இருந்தவர்கள் அல்லர். முதல் உலகப்போரை ஒட்டிப் பரவிய தூக்கநோய் மூளை அழற்சி, அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களை அழித்திருந்தது. அறிவு பெரும்பாலும் அப்படியே இருந்தது. தலையில் அடிபட்டு நினைவிழந்தவருக்கும் இதே பலன் வரும் என்று எண்ண வேண்டாம்.

மருந்தின் பலன் போகவில்லை, தாங்கும் அளவுதான் குறுகியது. லெவோடோபா மூளைக்குள் டோபமினாக மாறும். நல்ல செல் அதைச் சேமித்துச் சிறுகச் சிறுக விடும். செல்லே அருகிவிட்டால் சேமிக்க இடமேது? தனியாகக் கொடுத்த லெவோடோபா சுமார் 50 நிமிடத்திலேயே ரத்தத்தில் பாதியாகிவிடும். ரத்தத்தில் அது இறங்கினால் சிலையாவார்கள், ஏறினால் கைகால் துள்ளும், முகம் இழுக்கும், பிரமை வரும். பல்லாண்டு டோபமின் காணாத ஏற்பிகள் (டோபமினை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) சிறு அளவுக்கே பொங்கின.

லெவோடோபா மூளையை அடையும் முன்பே டோபமினாவதைத் தடுப்பது கார்பிடோபா. இரண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரை அன்று கைக்கு வரவில்லை. அமெரிக்காவில் அது வந்தது 1975-இல்தான். விழுங்கியதில் பெரும்பகுதி வழியிலேயே டோபமினாகி வாந்தியைக் கொடுத்தது. அதனால்தான் நாளுக்குக் கிராம் கணக்கில் கொடுத்தார்கள். கார்பிடோபா சேர்த்தால் லெவோடோபா ஏறக்குறைய கால்பங்கு போதும். ஆனால் கார்பிடோபாவும் நாளுக்கு 70 மி.கி.யாவது வேண்டும். 100+10 (லெவோடோபா 100, கார்பிடோபா 10 மி.கி.) மாத்திரை மூன்று போட்டால் கார்பிடோபா 30-தான் சேரும். குமட்டல் வந்ததும் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். 100+25 என்றால் மூன்றில் 75 கிடைக்கும். மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சட்டென்று நிறுத்துவதோ ஆபத்து: கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் வரலாம்.

பருப்பு, முட்டை, பாலோடு விழுங்கினால் புரதத்தின் அமினோ அமிலங்கள், குடலிலிருந்து ரத்தத்துக்கு லெவோடோபா நுழையும் அதே வாசலில் முண்டியடிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போட்டுவிடுவது நல்லது.

பூனைக்காலிப் பொடி பற்றியும் ஒரு வார்த்தை. அந்த விதையில் லெவோடோபா இருப்பதை 1937-லேயே தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆனால் பொடியில் கார்பிடோபா இல்லை, ஸ்பூனுக்கு எவ்வளவு மருந்து என்பதும் விதைக்கு விதை மாறும். மாத்திரையோடு இதையும் சாப்பிட்டுவிட்டு மருத்துவரிடம் மறைத்தால், கைகால் துள்ளுவதைப் பார்த்து அவர் மாத்திரையைத்தான் குறைப்பார்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை