அட்டாலியில் கிடந்த துப்பாக்கி

காங்கயம்,
தை 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் இம்முறை உண்மையான காரணமே இருக்கிறது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்குக் காது மட்டும் சற்று மந்தம், வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கத் தொடங்கியதில், அட்டாலிப் பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்த நம் தாத்தா, அதாவது அப்பாருவின் துப்பாக்கி கிடைத்தது. அப்பா இறந்தபோதே அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாகப் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். தேர்தல் முடியும்வரை உரிமத் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்ததால், தேர்தல் வந்தால் ஊருக்குத் திருவிழா, அப்பாருவின் துப்பாக்கிக்கு மட்டும் சிறைவாசம் என்று நீ கேலி செய்வாயே, அப்படிக் கடைசியாக உள்ளே போனது திரும்பி வரவில்லை என்றே நினைத்திருந்தேன். திரும்பி வந்திருக்கிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லை.

செய்தி எப்படித்தான் பரவியதோ, மறுநாளே செட்டிநாட்டுத் தூண்களை வாங்கி விற்கும் தரகர் ஒருவர் வந்து, இது தீரன் சின்னமலை காலத்துத் துப்பாக்கி என்றும், காகிதம் எதுவும் வேண்டாம், மூன்று லட்சம் கையில் தருகிறேன் என்றும் சொன்னார். ஓடாநிலைச் சண்டையில் நம் முன்னோர் தூக்கிய ஆயுதம் இது என்று அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து நமக்குச் சொன்ன கதையும் அதுதானே? ஒரு நாள் முழுவதும் நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன் என்பதை உன்னிடம் மறைப்பானேன்.

மறுநாள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தபோது அந்தப் பெருமை கரைந்தது. சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805-இல். அக்காலத்துத் துப்பாக்கி என்றால் குதிரை எனப்படும் அடிக்கும் சுத்தியலின் வாயில் சக்கிமுக்கிக் கல் இருக்க வேண்டும். அது இரும்பில் மோதித் தெறிக்கும் பொறியை ஏந்த, பக்கத்தில் மருந்துக் கிண்ணம் இருக்க வேண்டும். நம்முடையதில் இரண்டும் இல்லை. குழலின் அடியில் காம்பு போன்ற ஒரு சிறு குழாய் இருக்கிறது, அதன்மேல் மருந்து அடைத்த சிறு தொப்பி போன்ற செம்புக் கேப்பைச் செருகினால் குதிரை வந்து அதை அடிக்கும். அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் வழிக்கு, ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை பெற்றதே 1807-இல்தான், அதுவும் பறவை வேட்டையில் தமக்கிருந்த ஆசையால். கேப்பு பிரிட்டிஷ் படையில் பரவ 1840 வாக்கில் ஆயிற்று. ஆகவே சின்னமலை இதைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

ஆனால் இதற்கென்று இருக்கும் சொந்தக் கதை அப்பாரு சொன்னதைவிடச் சுவையானது என்பேன். பூட்டுத் தகட்டில் கிரீடமும், லண்டன் கோட்டையைக் குறிக்கும் ‘டவர்’ என்ற எழுத்தும், 1860 என்ற ஆண்டும் தேய்ந்து தெரிகின்றன. குழல் 39 அங்குலம், மூன்று பட்டைகளால் கட்டையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பார்த்தவுடன் 1857 கலகத்தோடு சேர்த்துப் பேசப்படும் என்ஃபீல்டு ரைஃபிள் என்றே தோன்றும். ஆனால் அதன் குழலுக்குள் முறுக்கு வரிகள் இருக்கும், வாய் 0.577 அங்குலம் இருக்கும். இதன் உட்புறமோ வழவழவென்று இருக்கிறது, தறிப் பட்டறையில் வாங்கி வந்த வெர்னியர் அளவியால் அளந்தால் பதினாறரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 0.65 அங்குலம் வருகிறது. தூரத்தைக் கணக்கிடும் ஏணிக் குறியும் கிடையாது, வெறும் வெட்டுக் குறிதான். கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களின் கையில் குறி தப்பாத ரைஃபிளைக் கொடுக்க அஞ்சி, அதே வடிவத்தில் வரியில்லாமல் செய்து கொடுத்தார்களே, அந்த வகை இது. ஆளுபவனின் பயம் இரும்பில் வார்க்கப்பட்டு நம் அட்டாலியில் கிடந்திருக்கிறது!

பேரன் உப்புத்தாளும் பிரேக் ஆயிலும் எடுத்து வந்து பளபளப்பாக்கித் தருகிறேன் என்றான், கையைப் பிடித்துத் தடுத்தேன். நூற்றைம்பது ஆண்டுப் பழுப்பும் முத்திரையின் விளிம்பும் இருக்கும்வரைதான் விலை, தேய்த்துவிட்டால் அது காயலான் கடைச் சரக்கு.

இவ்வளவையும் செய்த பிறகு, எல்லாவற்றுக்கும் முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். மருந்தைக் குத்திக் கெட்டிக்கும் கெசக்கோலைக் குழலின் உள்ளே விட்டுப் பார்த்து, வெளியே அதே நீளத்தை வைத்து ஒப்பிட்டேன். அடிவரை போகவில்லை, நான்கு விரற்கடைக்கு முன்பே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை, அது மருந்து கெட்டித்திருந்த துப்பாக்கி. அதன் வாயில் முகத்தை வைத்துக்கொண்டுதான் நான் வெர்னியர் பிடித்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்டால், அப்பாரு காலத்திலிருந்தே அது மருந்தோடுதான் தொங்கும், கேப்பை மட்டும் மடியில் வைத்திருப்பார் என்று சாதாரணமாகச் சொல்கிறாள். நீ வெள்ளைக்காரனாகவும் நான் சின்னமலையாகவும் மாட்டுத் தொண்டுப்பட்டியின் பின்னால் நின்றதும், நான் உன் மார்புக்கு நேரே குதிரையை இழுத்துவிட்டதும் உனக்கு நினைவிருக்கும். அப்பாருவின் மடியிலிருந்து கேப்புகளைத் திருடிக் கல்லில் வைத்து நாம் வெடித்தது அதே கோடையில்தான். அதில் ஒன்றை அந்தக் காம்பின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நம் இருவருக்கும் தோன்றாமல் போயிற்று. இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கமில்லை.

உன் மகன் வீட்டில் இருந்துகொண்டு, டெக்சாஸில் 1898-க்குள் செய்த துப்பாக்கியைப் பழைய நாற்காலி போல விற்கலாம், இங்கே அனுப்பு என்று தொலைபேசியில் தாராளமாகச் சொல்லிவிட்டாய். இங்கே நூறு ஆண்டு கடந்த தொல்பொருளை நம்மைப் போன்றவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பவே 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. பழம்பொருள் என்று சொல்லி ஆயுதச் சட்டத்திலிருந்து தப்பலாமா என்று ஈரோட்டு வழக்கறிஞரைக் கேட்டேன். 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்றார். நம் குதிரை இன்னும் கட்டைவிரலைக் கடிக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு, கூடினால் ஐந்து ஆண்டு. தரகரின் மூன்று லட்சத்தோடு வரும் சீர் அது.

ஆகவே அதைத் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பி, அப்பாவின் இறப்புச் சான்று, உரிமப் புத்தகம், தேர்தல்தோறும் வாங்கிய ரசீதுகள் எல்லாவற்றையும் இணைத்து ஒப்படைத்துவிட்டேன். அப்பாரு ரசீதைக் கிழித்துப் போடாத மனிதராக இருந்தது என்னைக் காப்பாற்றியது. ஆயுதப்படை ஆள் ஒருவர் திருகு முனைக் கம்பியால் பழைய கந்தலையும் மருந்தையும் வெளியே எடுத்தார். கருப்பு மருந்து கட்டியாகாமல் பொலபொலவென்று கொட்டியது.

இனி வாரிசு என்ற முறையில் ஆட்சியருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். வாங்குபவரின் பெயர், முகவரியோடு ஆட்சியருக்கோ நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். ஈரோடு அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். பேரன் விற்கச் சொல்கிறான், அம்மா அது வீட்டுக்குள் வரவே கூடாது என்கிறாள்.

எந்த வழியில் போனாலும், இது எங்கள் வீட்டில் இருந்ததற்குச் சான்று வேண்டும். உன் அக்கா திருமணத்தன்று அப்பாரு தோளில் துப்பாக்கியோடு திண்ணையில் நிற்கும் படம் உன் ஆல்பத்தில் இருக்கிறது, நாம் இருவரும் அவர் காலடியில் இருப்போம். அதை முன்பக்கமும், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் உள்ள பின்பக்கமும் தெரியும்படி ஸ்கேன் செய்து இந்த வாரத்துக்குள் அனுப்பு.

அன்புடன்,
உன் மாமன்