ஜன்னல் வாசலான சர்ச்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மாடித் தளம் போட்ட அன்று நீ டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, மேஸ்திரி கலவையில் ரெண்டு பக்கெட் தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிட்டார் என்று புலம்பியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன ஞாயிறு முழுக்க நானும் கலவை நினைப்பாகத்தான் இருந்தேன்.

இங்கே பிலிப்பைன்ஸில், பம்பாங்கா மாகாணத்தில், எங்கள் சைட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பகோலோர் என்று ஓர் ஊர். அங்கே சான் கில்லெர்மோ சர்ச்சுக்குள் ஜன்னல் வழியாகத்தான் போகிறார்கள். 12 மீட்டர் உயரத்தில் பாதி மண்ணுக்குள். பினாட்டுபோ எரிமலை வெடித்தது 1991 ஜூனில். இந்த ஊர் புதைந்தது 1995 அக்டோபர் முதல் தேதி. சரிவுகளில் குவிந்து கிடந்த சாம்பலையும் மணலையும் மழைக்காலம்தோறும் ஆறு இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வருஷம் புயல் மழை. இப்படி எரிமலைச் சாம்பலும் மணலும் தண்ணீரோடு கலந்து இறங்கி வருவதை லஹார் என்கிறார்கள், ஜாவாக்காரர்களின் சொல்.

வெள்ளம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, நம் ரெடிமிக்ஸ் கான்கிரீட் மாதிரி. தண்ணீரைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம். அதனால் மேல்சரிவில் பாறாங்கல்கூட அடியில் தங்காமல் முன்தலைக்கு வந்துவிடும். பின்னால் குழம்பு, வாலில் கலங்கல் தண்ணீர். ஆற்றுப் படுகையையும் கரையையும் வாரிக்கொண்டு வழியெல்லாம் பருக்கும். 1985 நவம்பரில் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை உச்சியில் பனி உருகிக் கிளம்பிய லஹார் அப்படித்தான் பெருத்து, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அர்மேரோ ஊரை மூடியது. வந்து சேர இரண்டரை மணி நேரம். மக்களைக் கிளப்ப அது போதாதா? எனக்கு ஆறவே இல்லை.

ஆற்றுத் தண்ணீர் கலந்து நீர்த்துவிட்டால் பெரிய கல்லைத் தாங்கத் தெம்பு இருக்காது, வழியிலேயே போட்டுவிடும். உன் ஜல்லிக்கு அந்த ரெண்டு பக்கெட் செய்ததும் இதுதான். சமவெளியில் பரவினால் தண்ணீர் மட்டும் வடியும், மண் வடியாது. அங்கேயே இறுகிவிடும்.

பகோலோர்காரர்கள் பீடத்தைத் தோண்டி எடுத்து, உயரம் போதாமல், குவிமாடத்துக்குக் கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பூசை நடக்கிறது. ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் நறநறவென்று மணல்.

சரி, ஊற்றியது ஊற்றியாகிவிட்டது. இப்போதாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொல். பொங்கலுக்கு வருகிறேன், சுத்தியலோடு.

உன்,
முரளி