கட்சுரா பார்த்தோம்

கியோட்டோ, ஜப்பான்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ முன்பதிவு செய்து அனுப்பிய சீட்டை வைத்துக்கொண்டு கட்சுரா அரண்மனைக்குப் போய் வந்தோம். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். கூட்டமாகச் சேர்த்து ஒரு வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். கட்டடங்களுக்குள் நுழைய முடியாது, தோட்டத்தைச் சுற்றி வரலாம்.

அரச குடும்பத்து மாளிகை என்றால் தங்கத் தகடு பதித்திருக்கும் என்று அம்மா நினைத்திருந்தாள். இங்கே மரமும் மூங்கிலும் காகிதமும்தான். ஆற்றை ஒட்டிய வேலியை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். வேரோடு நிற்கும் மூங்கிலை அப்படியே வளைத்துப் பின்னியிருக்கிறார்கள்.

இந்த மாளிகையைத் தொடங்கிய இளவரசர் தோஷிஹிதோவைச் சின்ன வயதில், அப்போது ஜப்பானில் அதிகாரம் செலுத்திய தளபதி ஹிதெயோஷி தத்தெடுத்திருக்கிறார். சொந்தப் பிள்ளை பிறந்ததும் அந்த உறவு முடிந்துபோயிற்று. 1629இல் இளவரசர் இறந்தபோது அவர் மகன் தோஷிதாதா சிறுவன். பல வருடம் இடம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. பிறகு மகன் வளர்ந்து, கல்யாணமாகி, அப்பா விட்ட இடத்திலிருந்து வேலையை எடுத்துக்கொண்டார். பழைய கட்டடம் அப்பாவுடையது, நடுவில் இருப்பது மகன் சேர்த்தது. இரண்டும் சேரும் இடமே எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கட்டட வேலை பார்த்தவன் சொல்கிறேன், இன்னொருவர் பாதியில் விட்ட வேலையை இப்படித் தொடர்வது லேசில்லை. அங்கே நின்றபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கட்டடங்களை ஒரே நேர்கோட்டில் வைக்காமல் ஒன்றுக்கொன்று பின்தள்ளிப் படிப்படியாக அமைத்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தோட்டம் கிடைக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்திவிட்டார்கள். பழைய கட்டடத்தின் முன்னால், குளத்தைப் பார்த்தபடி, நிலா பார்ப்பதற்கென்றே ஒரு மூங்கில் மேடை. பௌர்ணமியன்று அங்கே உட்கார யாருக்குக் கொடுத்துவைத்திருந்ததோ!

தோட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டிவிட மாட்டார்கள். தொடக்கத்திலேயே குளத்தை மறைத்துக்கொண்டு ஒரு சின்ன பைன் மரம் நிற்கிறது. அப்புறம் கல் கல்லாகக் கால் வைத்து நடக்க வேண்டியிருப்பதால் கண் தரையிலேயே இருக்கும். கல் அகலமாகும் இடத்தில் நின்று நிமிர்ந்தால் எதிரே புதிதாக ஒரு காட்சி. கயிறு கட்டிய சிறு கல் வழியில் இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பொருள். பலகை எதுவும் வைக்கவில்லை.

அம்மாவுக்குப் பிடித்தது ஷோகின்தெய் என்ற தேநீர்க் குடில். உள்ளே நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட காகிதம். பதினேழாம் நூற்றாண்டு வேலை என்று சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

1976 முதல் 1982 வரை இந்த மாளிகையைப் பிரித்துப் பழுதுபார்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்த வேலையின் வரைபடங்கள் உன் கல்லூரி நூலகத்தில் கிடைக்குமா என்று கேட்டுப் பார். மூட்டுகளை எப்படிக் கழற்றினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா